தீயைத் தணிக்கும் புகை

விருத்தாசலம் தீயின் சுபாவத்தை அறிந்த ஊர். மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் பழமலைநாதர் ஆலயம் அவ்வூருக்குத் தந்த பெருமை புராதனமானது. களிமண்ணைச் சுட்டுப் பீங்கானாக்கும் தொழில் தந்த பெருமை நம் காலத்தது. அண்டையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின்மேல் படிந்து கிடக்கும் மண்ணடுக்குகளிலிருந்து களிமண் கிடைப்பதும், அரசாங்கம் அமைத்த பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தையே பாடமாகக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் ஒன்று சேர்ந்து, அகல் விளக்கும் கொலுப் பொம்மையும் மின்சார ஃபியூஸ் கேரியரும் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு தொழில் சமூகத்தை அங்கே வளர்த்திருக்கின்றன. அந்தத் தொழிலின் நுட்பம் பெரும்பாலும் சூட்டை ஆள்வதிலேயே அடங்கியிருக்கிறது. 1200 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டிய உஷ்ணம் குறைந்துபோனால் பொருள் சரிவர வேகாமல் தண்ணீரை உறிஞ்சும். மிஞ்சிப்போனால் வளைந்து, பக்கத்திலிருப்பதோடு ஒட்டிக் கெடும். தீயை மூட்டுவது யாருக்கும் கைவரும் காரியம், அதை வேண்டிய அளவில் நிறுத்துவதே வித்தை என்பதை அவ்வூர்ச் சூளைக்காரர்கள் தலைமுறையாக அறிவார்கள்.

அதே ஊரின் வழியாகக் கடலூருக்கும் சேலத்துக்கும் ஓடுகிற ஒவ்வொரு காரின் வயிற்றுக்குள்ளும் ஒரு தீ எரிகிறது. சூளையின் தீ மணிக்கணக்கில் நின்று எரிவது. எஞ்சினின் தீயோ தோன்றிய கணத்திலேயே மறைவது. நிமிஷத்துக்கு 2000 சுற்றுச் சுழலும் எஞ்சினில், ஒரு தடவை செலுத்தப்பட்ட எரிபொருள் பற்றி எரிந்து முடிவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்குதான். ஆயினும் அந்த அற்ப நேரத்துக்குள் ஜுவாலையின் உஷ்ணம் 2000 டிகிரியையும் தாண்டிச் செல்கிறது. சூளையில் நிலவினால் பீங்கானையே உருக்கிவிடும் இந்த உஷ்ணத்தை எஞ்சினின் உலோகம் தாங்குவதற்குக் காரணம், அது நொடிப்பொழுதில் தணிந்துவிடுவதும், சிலிண்டரின் சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓடிக் குளிர்விப்பதுமே. உலோகத்துக்குத் தீங்கு நேராத போதிலும், அந்தக் கணநேர உஷ்ணம் வேறொரு தீங்கைப் பிறப்பித்து விடுகிறது. அதைத் தடுப்பதற்காக எஞ்சினியர்கள் கண்டுபிடித்த உபாயத்தையே, வாகனத் தொழிலில் உள்ளவர்கள் சுருக்கமாக இ.ஜி.ஆர். என்று சொல்லும் வெளியேற்று வாயு மறுசுழற்சி முறையையே, இங்கே விளக்க விரும்புகிறேன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பங்கு நைட்ரஜன்; மீதியில் பெரும் பகுதி பிராணவாயு. இவ்விரண்டும் கலந்தே இருந்தும் ஒன்றோடொன்று சேராமல் இருப்பது நமக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். நைட்ரஜனின் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடப்பதால், சாதாரண உஷ்ணத்தில் எதுவும் அவற்றை அசைக்க முடிவதில்லை. ஆனால் உஷ்ணம் சுமார் 1500 டிகிரிக்கு மேல் ஏறும்போது, பிராணவாயுவின் மூலக்கூறு உடைந்து தனித்தனி அணுக்களாகிறது. தனித்து நிற்கும் அந்த அணு நைட்ரஜன் மூலக்கூற்றைத் தாக்கிப் பிளந்து அதில் ஒரு பாதியோடு இணைகிறது. விடுபட்ட மறுபாதி வேறொரு பிராணவாயு மூலக்கூற்றைத் தாக்குகிறது. இந்தச் சங்கிலி வினையை ரஷ்ய விஞ்ஞானி யாகோவ் செல்டோவிச் 1940களில் வகுத்துக் காட்டினார். இப்படிப் பிறக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு வெளிக்காற்றில் மேலும் பிராணவாயுவை ஏற்று, செம்பழுப்பு நிறமுள்ள நைட்ரஜன் டையாக்ஸைடாக மாறுகிறது. அது சுவாசப்பையை அரிக்கும். ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். வெயிலில் மற்ற வாயுக்களோடு கூடித் தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும்.

இங்கே வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. கரியும் கார்பன் மோனாக்ஸைடும் எரிபொருள் அரைகுறையாக எரிவதால் விளைபவை. எரிதலைச் செம்மைப்படுத்தினால் அவை குறைந்துவிடும். நைட்ரஜன் ஆக்ஸைடுகளோ எரிபொருளிலிருந்து வருபவை அல்ல, காற்றிலிருந்தே பிறப்பவை. எரிதல் எவ்வளவுக்குச் செம்மையாகவும் உக்கிரமாகவும் நடக்கிறதோ அவ்வளவுக்கு அவை பெருகும். ஆகவே நல்ல எஞ்சின் என்று நாம் போற்றும் எஞ்சினிலேயே இந்தத் தோஷம் அதிகமாகத் தோன்றுகிறது. புகை கண்ணுக்குத் தெரியாமல் வண்டி சுத்தமாக ஓடுகிறது என்று நாம் திருப்தியடையும் வேளையில்தான் இந்த நஞ்சு மிகுந்து வெளியேறக்கூடும்.

இந்த நஞ்சின் கேடு உலகத்துக்குப் புலப்பட்டது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில். 1940களில் அந்நகரை அடிக்கடி மூடிய பழுப்பு மூட்டம் ஜனங்களின் கண்ணைக் கரிக்கச் செய்ததோடு பயிர்களின் இலைகளையும் கருக்கியது. நெதர்லாந்திலிருந்து அங்கே குடியேறி, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மித், தம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு இந்த மூட்டத்தின் காரணத்தைத் தேடப் புகுந்தார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் கூடி இதை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் நிரூபித்தார். அதன் பின் 1970இல் அமெரிக்க அரசாங்கம் இயற்றிய கடுமையான காற்றுத் தூய்மைச் சட்டம் கார் உற்பத்தியாளர்களை நெருக்கவே, அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டுக் கார்களில் இ.ஜி.ஆர். வால்வு இடம் பெறலாயிற்று.

அந்த உபாயம் கேட்பதற்கு விந்தையானது. எரிந்து முடிந்து வெளியேறும் வாயுவில் ஒரு பங்கை மறுபடியும் சிலிண்டருக்குள்ளேயே அனுப்புவது என்பதே அது. திருமுதுகுன்றம் என்று பழம் பெயர் வழங்கும் விருத்தாசலத்தில் இறைவனிடம் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் அதை எடுத்துக்கொண்டார் சுந்தரமூர்த்தி நாயனார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. எஞ்சினிலும் ஒரு வாயிலில் விட்டதை வேறொரு வாயிலில் மீட்டுக்கொள்கிறோம். சுந்தரருக்குத் திரும்பி வந்தது பொன். எஞ்சினுக்குத் திரும்பி வருவது எரிந்து ஓய்ந்துபோன வாயு. அது ஓய்ந்திருப்பதே இங்கே அதன் பிரயோஜனம்.

ஓய்ந்த வாயு தீயைத் தணிப்பது எப்படி? முதலாவதாக, அது சிலிண்டரில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் உள்ளே வரும் புதுக் காற்றும், அதிலுள்ள பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகின்றன. நஞ்சை உண்டாக்கும் வினைக்கு வேண்டிய சரக்கே அருகிவிடுகிறது. இரண்டாவதாக, அந்த வாயுவில் நிறைந்துள்ள கரியமில வாயுவும் நீராவியும் சாதாரணக் காற்றைவிட அதிக வெப்பத்தைத் தம்முள் வாங்கி வைத்துக்கொள்ளும் சக்தி படைத்தவை. எரிதலில் பிறக்கும் வெப்பத்தில் ஒரு பகுதியை அவை உறிஞ்சிக்கொள்வதால் ஜுவாலையின் உச்ச உஷ்ணம் இறங்குகிறது. மூன்றாவதாக, எரியக்கூடிய பொருள்களுக்கிடையே எரியாத வாயு புகுந்து நிற்பதால் தீ பரவும் வேகம் மட்டுப்பட்டு, எரிதல் சற்று நிதானமாக நடைபெறுகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடு பிறக்கும் வேகம் உஷ்ணத்தோடு சமமாக ஏறாமல் பன்மடங்காகப் பாய்ந்து ஏறும் இயல்புடையது. ஆகையால் உச்ச உஷ்ணத்தைச் சிறிதளவு தணித்தாலும் நஞ்சு பெருமளவு குறைந்துவிடுகிறது. சிறு செலவில் பெரும் பயன் தரும் இந்தக் கணக்கே இ.ஜி.ஆர். முறையின் உயிர்நாடி.

சாதனத்தின் அமைப்பு எளிமையானது. எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் குழாய்த் தொகுதிக்கும், காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதிக்கும் இடையே ஓர் இணைப்புக் குழாய். அதன் நடுவே திறந்து மூடும் ஒரு வால்வு. பழைய கார்களில் எஞ்சினின் உறிஞ்சு சக்தியே ஒரு ரப்பர் சவ்வை இழுத்து வால்வைத் திறந்தது. இப்போது சிறிய மின் மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. எஞ்சினின் சுழற்சி, சுமை, குளிர்நீரின் சூடு, உள்ளே வரும் காற்றின் அளவு ஆகியவற்றைக் கணத்துக்குக் கணம் அறிந்துகொள்ளும் கணினி, வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்று உத்தரவிடுகிறது. காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வால்வு பொதுவாக மூடியே இருக்கும். அப்போது எரிதலே தட்டுத் தடுமாறி நடப்பதால் அதை மேலும் தணிப்பது தகாது. மேட்டில் ஏறவோ முந்திச் செல்லவோ ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போதும் அது மூடிக்கொள்ளும். முழுச் சக்தி வேண்டும் நேரத்தில் சிலிண்டர் முழுவதும் புதுக் காற்றே வேண்டும். நடுத்தர வேகத்தில் சமதளச் சாலையில் செல்லும் வேளையிலேயே அது தாராளமாகத் திறக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் திரும்பி வரும் வாயு பெரும்பாலும் உள்ளே செல்லும் மொத்தத்தில் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில் நிற்கும். டீசல் எஞ்சினில் இலேசான சுமையின்போது பாதியளவு வரையில்கூடப் போகும்.

வெளியேறும் வாயு பல நூறு டிகிரி சூட்டோடு வருவதால், அதை அப்படியே உள்ளே விட்டால் பயனில் ஒரு பகுதி வீணாகும். அதனால் வழியில் ஒரு குளிர்விப்பான் வைக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகுக் குழல்களுக்குள் வாயு செல்ல, அவற்றைச் சுற்றி எஞ்சினின் குளிர்நீர் ஓடுகிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. டீசலில் கந்தகம் அதிகமாக இருந்தால், வாயு குளிரும் இடத்தில் கந்தக அமிலம் கசிந்து உலோகத்தை அரித்துவிடும். ஆகவே, நல்ல எஞ்சினைச் செய்வதற்கு முன் நல்ல எரிபொருளைச் செய்ய வேண்டியதாயிற்று. நம் நாட்டின் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளான பாரத் ஸ்டேஜ் வரிசையில், 4ஆம் கட்ட எரிபொருளில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை அனுமதிக்கப்பட்டிருந்த கந்தகம், 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தேசமெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6இல் 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

பெட்ரோல் காருக்கும் டீசல் காருக்கும் இந்த முறையின் முக்கியத்துவம் ஒன்றல்ல. பெட்ரோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் மிச்சமில்லாத சரியான விகிதத்தில் எரிப்பதால், புகைக்குழாயிலுள்ள மும்முனை வினையூக்கியே நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் பிரித்துவிட வல்லது. டீசல் எஞ்சினோ எப்போதும் தேவைக்கு மேற்பட்ட காற்றோடு ஓடுவது. அந்த மிச்சப் பிராணவாயுவின் முன்னே மும்முனை வினையூக்கி செயலற்றுப் போகிறது. எனவே டீசலுக்கு, நஞ்சு பிறந்த பின் அழிப்பதைவிடப் பிறக்காமலே தடுப்பது முதற்கடமையாகிறது. பெட்ரோல் எஞ்சினில் இம்முறை வேறொரு நன்மையும் செய்கிறது. சிலிண்டரில் ஒரு பங்கை ஓய்ந்த வாயு நிரப்புவதால் காற்றின் வரவைக் கட்டுப்படுத்தும் மடலை அதிகமாக மூட வேண்டியிராது; எஞ்சின் மூச்சு வாங்குவதற்கே செலவழிக்கும் சக்தி மிச்சப்பட்டு எரிபொருள் சிக்கனமாகிறது; ‘நாக்கிங்’ என்னும் தட்டலும் அடங்குகிறது. மாருதி ஸ்விஃப்ட் காரில் 2021இல் வந்த 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் குளிர்விக்கப்பட்ட இ.ஜி.ஆர். சேர்க்கப்பட்டது இதற்கு நாம் அன்றாடம் சாலையில் காணும் உதாரணம்.

தமிழ்நாட்டின் பங்கும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. 1948இல் தொடங்கி எண்ணூரில் வேரூன்றிய அசோக் லேலண்ட் நிறுவனம், 2017 ஏப்ரல் 1ஆம் தேதி பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் நாடெங்கும் அமலுக்கு வந்தபோது, கனரக வாகனங்களுக்கு மற்றப் பலரும் மேற்கொண்ட, புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்ஸைடை அழிக்கும் முறையை விட்டு, நுண்ணறிவு இ.ஜி.ஆர். என்று பெயரிட்ட தன் சொந்த முறையைக் கொண்டுவந்தது. யூரியா முறையில் லாரிக்காரர் டீசலோடு வேறொரு திரவத்தையும் வழியெல்லாம் தேடி நிரப்ப வேண்டும். நம் சாலைகளுக்கும் நம் ஓட்டுநர்களுக்கும் எளிமையே உகந்தது என்ற எண்ணம் அந்த முயற்சியின் பின்னே நின்றது. பின்னர் வந்த பாரத் ஸ்டேஜ் 6 இன்னும் கடுமையானதால் கனரக வாகனங்களில் யூரியா முறை பெரும்பாலும் தவிர்க்க இயலாததாயிற்று. என்றாலும், அயல்நாட்டு உபாயத்தை அப்படியே ஏற்காமல், இங்கே வண்டி ஓட்டுபவனின் சௌகரியத்தை முன்வைத்து யோசித்த அந்த முயற்சி நம் எஞ்சினியர்களின் ஆற்றலுக்குச் சான்று.

இவ்விதிகள் கார்களுக்கு வகுத்த உச்ச அளவுகளைப் பார்த்தால் ஏறிய படியின் உயரம் விளங்கும். டீசல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது வெளிவிடக்கூடிய நைட்ரஜன் ஆக்ஸைடு பாரத் ஸ்டேஜ் 3இல் 500 மில்லிகிராம்; 4இல் 250; 6இல் 80.

இவ்வளவு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. தீயைத் தணித்துப் பிராணவாயுவைக் குறைத்தால் டீசல் முற்றிலும் எரியாமல் கரி மிகுகிறது. ஒரு தோஷத்தை அழுத்தினால் மற்றொன்று எழுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் குறுகிய வழியைக் காண்பதில்தான் டீசல் எஞ்சினியரின் திறமையெல்லாம் இருக்கிறது. பல்லாண்டு ஓடிய டீசல் காரின் இ.ஜி.ஆர். வால்வைப் பட்டறையில் கழற்றும்போது அருகே நின்று பார்த்தவர்கள் இதைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள். சில போல்ட்டுகளைத் தளர்த்தி எடுத்தால் உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு வார்ப்பு உலோகத் துண்டு; அதன் துவாரத்தைச் சுற்றி, எஞ்சின் ஆயிலின் ஆவியும் கரியும் குழைந்து படிந்த கரும் பிசுக்கு. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் ஓரிடத்தில் பொருக்காக உதிர்கிறது. மற்றோரிடத்தில் மைபோல் விரலில் ஒட்டுகிறது. கார்புரேட்டர் கிளீனரை அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, புது கேஸ்கெட் வைத்துப் பூட்டினால் பெரும்பாலும் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். அந்தப் பிசுக்கினால் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் வண்டி நின்ற நிலையில் உதறும், பிக்கப் குறையும், கரும்புகை தள்ளும். மூடியபடியே சிக்கிக்கொண்டால் ஓட்டுபவருக்குத் தொந்தரவு எதுவும் தோன்றாமலே நஞ்சு பெருகும். தினமும் கடைத்தெரு வரை மட்டும் போய்வந்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஒருபோதும் ஓடாத வண்டிகளில் இந்த அடைப்பு சீக்கிரம் சேர்கிறது.

மிகுந்த கரிக்குப் பரிகாரம் தேடிப் போன விஞ்ஞானம் மறுபடியும் பீங்கானிடமே வந்து சேர்ந்தது. பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதன் உள்ளுடல் நுண்ணிய சதுரக் கண்ணறைகள் நீளவாக்கில் நெருங்கி அமைந்த பீங்கான் கட்டி. ஒவ்வொரு கண்ணறையும் ஒரு முனையில் மட்டும் அடைக்கப்பட்டிருப்பதால், வாயு ஒரு கண்ணறையில் நுழைந்து, துளைகள் நிறைந்த மெல்லிய பீங்கான் சுவரை ஊடுருவி, அடுத்த கண்ணறை வழியே வெளியேற வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். சேர்ந்த கரியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அவ்வப்போது எஞ்சினே எரித்துச் சுத்தம் செய்துகொள்கிறது. இவ்வளவு சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்தாலும் வெடிக்காத பீங்கான் வகைகளுள் முக்கியமானது கார்டியரைட். வெப்பத்தில் அது விரிவடைவது மிக மிகக் குறைவு. வெண்களிமண், மாக்கல் பொடி, அலுமினா ஆகியவற்றைப் பிசைந்து, அச்சு வழியே பிதுக்கி, 1400 டிகிரி அளவில் சுட்டு அதைச் செய்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்டு லூயிஸ் என்னும் மூவர், கார் வினையூக்கிகளைத் தாங்குவதற்காக இந்தக் கண்ணறைப் பீங்கானை முதலில் உருவாக்கினார்கள். களிமண்ணைப் பிசைதல், அச்சில் பிதுக்குதல், பதமறிந்து சுடுதல் ஆகிய இம்மூன்றும் விருத்தாசலத்து மாணவர்களுக்குப் புதிய பாடமல்ல. அகலும் பொம்மையும் செய்யும் அறிவு இந்த உயர்ந்த பீங்கானை நோக்கியும் வளர வேண்டும் என்று விரும்புவது பேராசை ஆகாது. அதற்கு வேண்டிய அடிப்படைக் கல்வி அந்த ஊரிலேயே இருக்கிறது.

இந்த முறையெல்லாம் நம் தேசத்தில் முழுப் பயனைத் தருகிறதா என்று கேட்டால், மனம் வருந்திச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வால்வு அடைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்த வண்டியைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, “அந்த வழியையே ஒரு தகடு வச்சு அடைச்சுடலாம் சார், அப்புறம் தொந்தரவே இருக்காது” என்று யோசனை சொல்லப்படுவதும், வண்டிக்காரர் அதை மகிழ்ந்து ஏற்பதும் பல ஊர்களில் நடக்கின்றன. தகடு வைத்த வண்டி சற்றே துள்ளி ஓடுவதும் உண்மைதான். ஆனால் தணியாத ஜுவாலை அன்று முதல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடைக் கொட்டிக்கொண்டே போகிறது. புகைச் சான்றிதழ் வழங்கும் நிலையங்கள் இதைக் கண்டுபிடிப்பதும் இல்லை. டீசல் வண்டியில் அவை புகையின் கருமையை மட்டுமே அளக்கின்றன, பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கின்றன. நைட்ரஜன் ஆக்ஸைடு அந்தச் சோதனையின் கணக்கிலேயே இல்லை. உண்மையில், தகடு வைத்தால் கரி குறைவதால் சோதனையில் அந்த வண்டி முன்னைவிட நல்ல வண்டியாகவே காட்சியளிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் பற்றிய நேர்மை எவ்வளவு எளிதில் தளர்ந்துவிடும் என்பதை உலகம் 2015இல் கண்டது. பரிசோதனைக் கூடத்தில் மட்டும் தூய்மையாகவும் சாலையில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்படி தன் டீசல் கார்களின் கணினியை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் அமைத்திருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா அவ்வாண்டு செப்டம்பரில் அம்பலப்படுத்தியது. உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதன் பின்னரே, கூடத்துக்கு வெளியே நிஜச் சாலையில் ஓட்டி அளக்கும் முறை பல நாடுகளில் வலுப்பெற்றது. நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமாயிற்று. ஆனால் அது புதிய கார்களைச் செய்பவர்களைக் கட்டுப்படுத்துமேயன்றி, விற்ற பிறகு பட்டறையில் வைக்கப்படும் தகட்டைத் தடுக்காது.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. புகைச் சான்றிதழ்ச் சோதனையில் நைட்ரஜன் ஆக்ஸைடையும் அளக்கும் கருவியைச் சேர்ப்பது அரசாங்கத்தின் கடமை. அடைத்த வால்வைச் சுத்தம் செய்யச் சொல்வதும், அதை மூடிவிடலாம் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்வதும் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரின் கடமை. அதற்கு ஆகும் செலவு சிறிது பணமும் ஒரு பிற்பகலும்தான். தீயைத் தணிக்கத் தெரிந்த விஞ்ஞானிகள் தம் வேலையைச் செய்து முடித்துவிட்டார்கள். எஞ்சியது நம் வேலை. நம் வண்டியின் பின்னே நடந்து வரும் பள்ளிப் பிள்ளைகள் எந்தக் காற்றைச் சுவாசிப்பார்கள் என்பது அதைப் பொறுத்தது.